மயோடி இருக்கிறது, தசைநார் வரவில்லையே?

கேள்வி: காட்பாடியில் எம்.எஸ்சி. பயோடெக் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு சி2சி12 செல் வளர்க்கிறேன். செல் பெருக ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தைக் குறைத்து ஐந்து நாளாகியும் செல்கள் இணைந்து நாராகவில்லை. ஆனால் பிசிஆர் சோதனையில், தசையை உருவாக்கும் மயோடி ஜீன் முதல் நாளே இயங்குவது தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: பிசிஆரில் தவறில்லை. சி2சி12 எலித்தசையின் மயோபிளாஸ்ட், அதாவது தசையாக மாறக் காத்திருக்கும் இளஞ்செல். பெருகும்போதே அதில் மயோடி இருக்கும். இந்த ஒரு ஜீன் போதும், இணைப்புத் திசுவின் செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட்கூடத் தசைசெல் ஆகும் என்று 1987-இலேயே காட்டிவிட்டார்கள். அப்படியிருந்தும் உங்கள் பிளாஸ்கில் அது ஏன் சும்மா இருக்கிறது? ஜோடி கிடைக்காததால்தான். ஈ புரதத்தோடு சேர்ந்தால்தான் மயோடி தசை ஜீன்களை இயக்கும் ஈ-பாக்ஸ் என்ற டிஎன்ஏ துண்டைப் பலமாகப் பிடிக்கும். சீரம் நிறைய உள்ளவரை ஐடி என்ற புரதம் அந்த ஈ புரதத்தை மடக்கி வைத்துக்கொள்ளும். ஐடிக்கு டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியே கிடையாது, அதனால் அதனோடு சேர்ந்த ஜோடி வேலை செய்யாது. சீரம் குறைந்தால் ஐடி வடியும், மயோடிக்கு ஜோடி கிடைக்கும். அடுத்த தசை ஜீனான மயோஜெனின் ஏறும், பி21 என்ற புரதம் ஏறிச் செல் பெருகுவதை நிறுத்தும். அப்புறம்தான் தசையைச் சுருக்கும் மயோசின், இணைதல் எல்லாம்.

அதனால் நீங்கள் பார்க்கவேண்டியது மயோஜெனின். 0, 1, 2-ஆம் நாள் ஆர்என்ஏ எடுங்கள். அது ஏறியிருந்தால் சிக்கல் இணைவதில். ஏறவில்லையென்றால் அதற்கும் முன்னால்.

எனக்கு முதல் சந்தேகம் பிளாஸ்கின் மேல்தான். ஒரு பொங்கல் விடுமுறைக்கு நானும் செல்களை அப்படியே விட்டுப் போனேன். வந்து பார்த்தால் நெருக்கியடித்து, அங்கங்கே நாராகியிருந்தன. அதையே பிரித்துப் போட்டு வளர்த்தேன், தப்பு. நாரானவை இனிப் பெருகாது. இணையாமல் ஒதுங்கியவைதான் அடுத்த பிளாஸ்கை நிரப்பும். நாலு தடவை இப்படி ஆனால் இணையத் தெரியாத கூட்டம்தான் மிஞ்சும். எனவே குறைந்த பாசேஜ், அதாவது சில தடவை மட்டுமே பிரித்து வளர்த்த செல் உள்ள குப்பி ஒன்றை எடுங்கள், 60–70 சதவீதம் நிரம்பியதும் பிரித்துவிடுங்கள். நாராக்கும் டிஷ்ஷை மட்டும் 90 சதவீதம் வரை விடலாம். பிறகு பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் இரண்டு முறை நன்றாகக் கழுவி, 2 சதவீதக் குதிரை சீரம். பழைய சீரம் ஒட்டியிருந்தாலும் ஐடி சீக்கிரம் இறங்காது. இரண்டு மூன்று நாளில் செல்கள் வாரிய தலைமுடி மாதிரி ஒரே திசையில் நீண்டு படுத்திருந்தால் சரியான வழியில் போகிறீர்கள்.

இன்னொன்று, மே மாத வேலூரில் ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. அறை கொதித்தால் உள்ளே 37 டிகிரி நிற்காது.