வால்பாறைக்கு ஒரு நாள், கார்டுக்கு எத்தனை மாதம்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் நான். கையில் வரும் சம்பளம் 42,000 ரூபாய். ஜூலையில் ஒரு ஞாயிறன்று மழையோடு வால்பாறை போய்வர ஆசை. நாங்கள் நான்கு பேர், அம்மா, மாமியார், மச்சான் குடும்பம் ஐந்து, ஆக 11 பேர். டிராவல்ஸ்காரர் கொடுத்த கணக்கு: வேன் 11,500, சாப்பாடு 4,500, நுழைவுச் சீட்டு, சில்லறை 1,500, இ-பாஸ் (வால்பாறை போகும் வண்டிக்கான ஆன்லைன் அனுமதி) 1,000, மொத்தம் 18,500. கிரெடிட் கார்டில் 62,000 பாக்கி இருக்கிறது, மாத வட்டி 3.5 சதவீதம் என்று பில்லில் போட்டிருக்கிறது. மினிமம் டியூ (மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) தவறாமல் கட்டுகிறேன். ஜனவரியிலிருந்து எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) 3,000 போகிறது. இந்தச் செலவை இ.எம்.ஐ. ஆக்கலாமா, பயணச் சலுகை தரும் புதுக் கார்டு வாங்கலாமா? மச்சான், 'கார்டுல போட்டு உடுங்க மாப்ள, வந்து கணக்குப் பாத்துக்கலாம்' என்கிறார். கொடைக்கானல், அதிரப்பள்ளி போனதும் இதே கார்டில்தான், அதில் அவர் பங்கு 16,500 இன்னும் வரவில்லை. கேட்டால் மனைவிக்குச் சங்கடம்.

பதில்: வேன் வாடகையில் பேரம் பேசுவது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை, திருப்பூர்க்காரருக்கு அது கைவந்த கலை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் குத்தியது 'மினிமம் டியூ தவறாமல்' என்ற வரிதான். அதை ஏதோ நல்ல பழக்கம் போல எழுதியிருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்று பில்லில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். 62,000-க்கு 2,170. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 390. ஆக 2,560. மினிமம் டியூ 5 சதவீதம் என்று வைத்தால் நீங்கள் கட்டுவது 3,100. அசலில் குறைவது 540 ரூபாய். இப்படியே ஒரு வருடம் ஓட்டினால் 35,000-க்கு மேல் கட்டியிருப்பீர்கள், அசல் 6,000 சொச்சம்தான் இறங்கியிருக்கும். மீதி 29,000 வட்டியும் வரியும். அந்தப் பணத்தில் இதே வேனுக்கு இரண்டு தடவை வாடகை கொடுத்துவிடலாம்.

இன்னொன்று பலருக்கும் உறைப்பதில்லை. முழுப் பில்லையும் கட்டுகிறவருக்குத்தான் அந்த 40, 45 நாள் வட்டியில்லாத அவகாசம். பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். நீங்கள் ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டும்போதே மீட்டர் போட்டாகிவிடும்.

இ.எம்.ஐ.யா? செயலியில் பளிச்சென்று வரும் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் செயலாக்கக் கட்டணம், வட்டி, வட்டி மேல் ஜி.எஸ்.டி. எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. பயணக் கார்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விமான நிலைய லவுஞ்சில் இலவசச் சாப்பாடு தருவார்களாம். பொள்ளாச்சி வழியாக வேனில் போகிறவருக்கு அது எதற்கு?

இப்போது மச்சான். உங்கள் 62,000-இல் கால்வாசிக்கு மேல் அவருடைய 16,500. அதற்கு மட்டும் மாதம் ஏறத்தாழ 680 ரூபாய் வட்டி கட்டுகிறீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவர் மறந்துவிட்டார், அவ்வளவுதான். பழைய பாக்கியை மனைவியின் தலையில் கட்டாமல் நீங்களே கேளுங்கள்: 'கார்டுக்காரன் வட்டி போடுறான் மச்சான், மாசம் மூவாயிரமா குடுத்துருங்க.' அடுத்த பயணத்துக்கு அவர் பங்கு ஜி-பேயில் வந்த பிறகுதான் வேனுக்கு அட்வான்ஸ்.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் 62,000-க்கு நகைக்கடன் வாங்கிக் கார்டை ஒரே தடவையில் அடையுங்கள். வருடத்துக்கு 10 சதவீதம் என்று போட்டாலும் 12 மாதத்தில் முடிக்க மாதம் 5,450 போதும், மொத்த வட்டி 3,400 அளவில்தான் வரும். பணம் எங்கே? கார்டுக்குக் கட்டிய 3,100, எஸ்.ஐ.பி.யை ஒரு வருடம் நிறுத்தினால் 3,000, ஆக 6,100. கடன் போக 650 மிஞ்சும். வருடத்துக்கு 42 சதவீத வட்டிக் கார்டு கடனை வைத்துக்கொண்டு 12 சதவீதம் வரலாம் என்று எஸ்.ஐ.பி. போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே சேர்ந்ததை அவசரத்துக்கு விட்டுவையுங்கள். நகைக்கடன் வாங்கும் அன்றே கார்டின் வரம்பை 10,000-க்குக் குறைக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் கார்டு பாக்கி, நகைக்கடன் என்று இரண்டும் கழுத்தில் இருக்கும்.

பயணம்? இந்த ஜூலையில் வேண்டாம். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் ஒருமுறை நானும் போனேன். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் லோம்ஸ் காட்சிமுனையில் இறங்கினால் ஆழியாறு அணை தெரிய வேண்டும். தெரிந்தது என் குடையின் விளிம்பு. குரங்கு அருவியில் வெள்ளம், கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். 40 வளைவிலும் வாந்தி எடுத்த பையனுக்கு எலுமிச்சம்பழம் பிடித்துக்கொண்டே மேலே போய், மூன்று தடவை டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஒரே ஒரு நாளை அங்கே மழையிடம் பந்தயம் கட்டுவது கொஞ்சம் துணிச்சல்தான்.

ஜனவரியில் போங்கள். குளிரும் காலை மூடுபனியும் கிடைக்கும், அணையும் தெரியும். இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது, அரசு இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். டிராவல்ஸ்காரரின் அந்த 1,000-ஐ அடித்துவிடுங்கள். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் இன்னொரு 2,500 மிச்சம். மொத்தம் 15,000. மச்சான் பங்கு 6,800, உங்கள் ஆறு பேருக்கு 8,200. மாதம் 650 வீதம் டிசம்பருக்குள் 3,900 சேரும், மீதியைத் தீபாவளி போனஸில் எடுங்கள்.

கடைசியாக ஒன்று. கார்டை முழுதாக அடைத்த அடுத்த மாதமும் சில நூறு ரூபாய்க்கு ஒரு பில் வரும். பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட வட்டி அது. வங்கியோடு சண்டைக்குப் போகாமல் அதையும் முழுதாகக் கட்டிவிடுங்கள்.