அரசுக் கட்டடங்களில் அரைத்திறன் பராமரிப்புப் பணியாளரின் வேலை என்ன?

மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியப் பட்டியலில் திறனற்றவர், அரைத்திறனாளர், திறனாளர், உயர்திறனாளர் என நான்கு படிகள் உண்டு. இரண்டாம் படியில் இருப்பவர் பெரும்பாலும் கூடமாட நின்று தொழில் பழகியவர். பிளம்பருக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ கைகொடுப்பார். குழாய் சொட்டினால் மேல்வால்வை மூடி, திருகைக் கழற்றி, தேய்ந்த வாஷரை மாற்றுவது, வாஷ்பேசின் அடைப்பெடுப்பது, டியூப்லைட் மாட்டுவது எல்லாம் அவரே முடித்துவிடுவார்.

அன்றாடப் புகார்களில் பல இந்த ரகம்தான். வாஷர் மாற்றவும் தேர்ந்த பிளம்பரையே அனுப்பினால் மோட்டார் பழுதுக்கு யார் போவது? தையல் கடையில் துணி வெட்ட மாஸ்டர், காஜா எடுக்க வேறு ஆள் என்பதைப் போன்ற ஏற்பாடு இது.

மெயின் போர்டைத் தொட மறுப்பவரைச் சோம்பேறி என்று சிலர் திட்டுகிறார்கள்; தகுதிச் சான்று இல்லாமல் அந்த வேலையைத் தனியாகச் செய்ய அவருக்கு அனுமதி இல்லை.