எலிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது

அன்புள்ள அக்கா,
விலங்கியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டேன், பிஎச்.டி. ஆய்வுக்கான உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.பும் கிடைத்துவிட்டது. எலிக்கருவில் விந்தகம் உருவாவதை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் இடம் தருகிறார்கள். வீட்டிலோ, ஐந்தாறு வருஷம் எலியோடு எதற்கு, கருத்தரிப்பு மையத்தில் எம்பிரியாலஜிஸ்டாக (முட்டை, விந்தணு, கருவைக் கையாளும் ஆய்வக வேலை) சேர் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
கே., விருதுநகர்

அன்புள்ள கே.,

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உதவித்தொகை முதல் 2 வருஷம் மாதம் 37,000, அப்புறம் 42,000, கூடவே வீட்டு வாடகைப் படி. சில சமயம் மூன்று நான்கு மாதம் சேர்ந்துதான் வரும், கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். மையத்து வேலைக்கு 2021இல் சட்டமே வந்துவிட்டது. மூன்று மாதச் சான்றிதழ் போதும் என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் எம்பிரியாலஜிஸ்டுக்கு என்ன படிப்பு கேட்கிறார்கள் என்று அதில் பாருங்கள்.

இனி எலி. சாயங்காலம் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டு, காலையில் ஒவ்வொரு பெண் எலியாக வாலைத் தூக்கிப் பார்ப்போம். சேர்ந்திருந்தால் மெழுகு உறைந்த மாதிரி ஓர் அடைப்பு தெரியும். பிளக் என்போம். அன்று நண்பகல்தான் கருவுக்கு 0.5 நாள். அடைப்பு சில மணி நேரத்தில் விழுந்துவிடும். முதல் வருஷத்தில் ஒரு ஞாயிறு தூங்கிவிட்டுப் பதினொரு மணிக்குப் போனேன், நாலு கூண்டிலும் ஒன்றுமில்லை. சேரவே இல்லையா, சேர்ந்து விழுந்துவிட்டதா, யாரைக் கேட்பது? உங்கள் ஆய்வகத்தில் இது இன்னும் கறாராக இருக்கும்: கருவை ஆணாக்கும் எஸ்ஆர்ஒய் மரபணு 10.5 நாள் வாக்கில் விழித்து, 11.5இல் உச்சம் தொட்டு, 12.5க்குள் அடங்கிவிடுகிறது, இனச்சுரப்பி விந்தகமாகும் திசையில் திரும்புவது அதற்குள்தான். ஒரு நாள் தப்பாக எண்ணினால் மொத்த உழைப்பும் வீண்.

மையத்திலும் கடிகாரம்தான். முட்டைக்குள் விந்தணுவைச் செலுத்தி 16-18 மணி நேரத்தில் கருவுற்றதற்கு அடையாளமாக இரண்டு உட்கரு தெரிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் ஏன் என்று துருவ அங்கே நேரமில்லை, அடுத்த தம்பதி காத்திருப்பார்கள். துருவியே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஆய்வுக்குப் போங்கள். வேறு வழி தெரியாமல் போவதாக இருந்தால் வீட்டில் சொல்வதே சரி.

சந்தேகமா? அடை வைக்கிற நாட்டுக்கோழி முட்டை பத்து வாங்கி (கடை முட்டையில் கரு இருக்காது, கூமுட்டைதான்) கல்லூரி இன்குபேட்டரில் 38 டிகிரியில் வையுங்கள். 33 மணி நேரம் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்கும். இரண்டாம் நாள் ஒன்றை உடைத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அப்புறம், சேருமுன் கைடிடம் கேட்காதீர்கள். அங்கே மூன்றாம் வருஷம் படிப்பவரை டீக்கடைக்குக் கூட்டிப்போய், ஞாயிற்றுக்கிழமை பிளக் பார்ப்பது யார், முறை வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.