தப்பான பழைய வரைபடங்களைப் போய் ஏன் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்?

எங்கள் ஊரே அந்தத் தப்புக்குள்தான் இருக்கிறது. அதனால்தான்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பஹாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பா பால்மரம் சீவியவர். இங்கே ஓடும் ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. கொஞ்சம் தள்ளி ஓடும் செர்த்திங் ஆற்றின் தண்ணீர் பகாங் ஆற்றில் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னத் தரைத்துண்டு. அந்தக் காலத்து வியாபாரிகள் படகைக் கரையேற்றி, அந்தத் துண்டில் இழுத்துக்கொண்டு போய் அடுத்த ஆற்றில் இறக்கினார்கள். மலாயில் ‘தாரிக்’ என்றால் இழு. அந்த இடத்துக்குப் பெனாரிக்கான் என்றே பெயர். மலாக்காவில் பிறந்த போர்த்துகீசிய வரைபடக்காரர் எரேடியா, 1613இல் எழுதிய நூலில் இந்தப் பாதையைக் குறித்திருக்கிறார்.

ஐரோப்பாவில் உட்கார்ந்து செப்புத் தகட்டில் செதுக்கியவர்களுக்கு, மூவாரில் படகேறினால் பகாங்கில் இறங்கலாம் என்ற சேதி மட்டும் போயிருக்க வேண்டும். இழுத்த கதை போகவில்லை. இரண்டு ஆற்றையும் ஒன்றாக்கித் தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டிவிட்டார்கள். தெற்கே இருக்கும் ஜொகூர் தீவாகிவிட்டது! ஒரு படத்தை அப்பாவிடம் காட்டினேன். “யாருடா இவன், செர்த்திங்கில் கப்பல் விட்டவன்?” என்றார்.

மற்ற தப்புகளில் எனக்கு இவ்வளவு ருசி இல்லை. கலிபோர்னியாவைத் தீவாக வரைந்த படங்களுக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு, விலையும் அப்படி. பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி இலங்கையைப் பல மடங்கு ஊதிப் பெருக்கி, இந்தியாவின் முக்கோணத்தைத் தட்டையாக்கினார். இலங்கைக்கு அவர் சொன்ன தப்ரோபனே என்ற பெயரை 1540இல் ஜெர்மானிய வரைபடக்காரர் மூன்ஸ்டர் தூக்கிச் சுமத்ராவுக்கு வைத்தார்.

சரி, வாங்க ஆசையென்றால் ஒரு பூதக்கண்ணாடி இல்லாமல் கடைக்குள் போகாதீர்கள். செப்புத் தகட்டு அச்சில் கோடு கோடாகவே இருக்கும், படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடமும் தெரியும். அந்தக் கோடுகளே புள்ளி புள்ளியாக உடைந்து தெரிந்தால் அது நம் காலத்து அச்சு. 1750க்கு முந்திய தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தாள் வார்த்த கம்பிச் சல்லடையின் வரிகள் தெரியும். அப்புறம் நம் ஊர்ப் புழுக்கம்: சுவரோடு ஒட்டி மாட்டினால் பழுப்புப் புள்ளி விழும், பூச்சியும் வரும்.

இதெல்லாம் தெரியாத காலத்தில் ஒரு கடையில் 180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து ‘அசல்’ ஒன்று வாங்கினேன். முழுக்கப் புள்ளிகள். இப்போது அது குளியலறைக் கதவுக்கு மேலே தொங்குகிறது.