மூன்றடிக் கப்பல்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். பழைய திரையரங்குகளைப் பற்றிய கட்டுரையில் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். கல்லூரி முதலாண்டில், 1980-இல், நண்பர்கள் நால்வர் நீடாமங்கலத்திலிருந்து வலங்கைமான் வழியாகப் பேருந்தில் கும்பகோணம் போய் அதைக் காலைக் காட்சியில் பார்த்தோம். வசனம் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய விண்கப்பல் தலைக்கு மேலே வந்தது, வந்துகொண்டே இருந்தது. இரண்டு நிமிடமாவது இருக்கும். சென்ற வாரம் பேரனுடன் தொலைக்காட்சியில் பார்த்தபோது அது சில விநாடிகளில் முடிந்துவிட்டது. வெட்டிவிட்டார்களா? தொடக்க எழுத்துகளில் 'நான்காம் அத்தியாயம்' என்று வருகிறது. நாங்கள் பார்த்தபோது அப்படி இல்லை என்றேன், பேரன் சிரித்தான். சின்னக் கப்பல்கள் பாயும்போது யானை பிளிறுவதுபோல் இருக்கிறது என்று அன்றே சொல்லி நண்பர்களிடம் கேலிப்பட்டவன் நான். என் நினைவில் எது மெய், எது பொய்?

ர., நீடாமங்கலம்

அன்புள்ள ர. அவர்களுக்கு,

வணக்கம். மூன்றில் இரண்டு மெய். பேரனிடம் முதலில் சொல்ல வேண்டியதிலிருந்து தொடங்குகிறேன். 1977 மே 25 அன்று அமெரிக்காவில் வெளியான அந்தப் படத்தின் தொடக்க எழுத்துகளில் அத்தியாய எண்ணும் இல்லை, துணைத் தலைப்பும் இல்லை. இரண்டும் 1981-இல் மறுவெளியீட்டின்போது சேர்க்கப்பட்டவை. 1980-இல் பார்த்தவர் அவற்றைப் பார்த்திருக்க வழியே இல்லை. 1997-இல் புதிய காட்சிகளையும் சேர்த்தார்கள். இன்று தொலைக்காட்சியில் ஓடுவது அவற்றையும் உள்ளடக்கிய பிரதி என்பதால், நீங்கள் பார்த்த படத்தை உங்கள் பேரன் இன்னும் பார்க்கவில்லை என்றே சொல்லலாம்.

யானை விஷயத்தில் உங்கள் செவிக்கு வணக்கம். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், படத்தில் வரும் பேரரசின் சிறு போர்விமானங்களுக்கான ஒலியை யானையின் பிளிறலையும் ஈரச்சாலையில் கார் விரையும் ஓசையையும் கலந்துதான் உருவாக்கினார். கோயில் யானையின் குரலைக் கேட்டு வளர்ந்த காவிரிக்கரைப் பையன் ஒருவன் அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு வியப்பில்லை. கூட வந்த மூவரும் அதே ஊர்க்காரர்களாக இருந்தும் சிரித்தார்கள் என்பதுதான் வியப்பு.

கப்பலை யாரும் வெட்டவில்லை. அது அன்றும் சில விநாடிகள்தான். இன்னும் சரியாகச் சொன்னால், நீங்கள் அன்று பார்த்தது இன்றைக்குக் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்திருக்கக்கூடும். நம் ஊர்களுக்கு ஆங்கிலப் படங்களின் படப்பெட்டி பல ஊர்களைச் சுற்றிவிட்டுத்தான் வந்து சேரும். ஒவ்வொரு முறை ஃபிலிம் அறும்போதும் ஆபரேட்டர் கிழிந்த இடத்தை நறுக்கிவிட்டு ஒட்டுவார். விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும் படத்தில் இப்படி அரை விநாடியும் ஒரு விநாடியுமாக உதிர்ந்துகொண்டே போகும். ரீலின் தலையும் வாலும்தான் அதிகம் கைபடுபவை என்பதால், முதல் ரீலின் தொடக்கத்தை ஒட்டி வரும் காட்சி முழுசாகத் தப்பியிருந்தால் அது அதிர்ஷ்டம். ஆக, அரங்கம் குறைத்துக் கொடுத்ததை நீங்கள் நாற்பது ஆண்டுகளாக வளர்த்து வந்திருக்கிறீர்கள்.

வளரும்படி எடுக்கப்பட்ட காட்சிதான் அது. முதலில் ஒரு கப்பல் தப்பி ஓடுகிறது. ஓரளவு பெரியதுதான் என்று நாம் எண்ணி முடிப்பதற்குள் திரையின் மேல்விளிம்பிலிருந்து இரண்டாவது கப்பலின் மூக்கு இறங்குகிறது, பிறகு அடிவயிறு நீள்கிறது, முடிந்தது என்று நினைக்கும்போது இன்னும் இருக்கிறது. அந்தப் பெரிய கப்பலுக்காகச் செய்த மாதிரி உருவம் ஏறக்குறைய மூன்றடி நீளம்தான். துரத்தப்படும் சிறிய கப்பலின் மாதிரிதான் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு பெரியது! கணினியால் இயக்கப்பட்ட கேமராவை மாதிரியின் அடிப்பரப்புக்கு மிக அருகில் நகர்த்தி எடுத்தார்கள். நாம் தரையில் கிடந்து மேலே பார்ப்பதுபோன்ற அந்தக் கோணத்துக்கு உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் இடமில்லை.

உங்கள் நினைவைத் திருத்துகிற தகுதி எனக்கு உண்டா என்பது வேறு கேள்வி. நான் அந்தப் படத்தை மாயவரத்தில் பார்த்தேன். படத்துக்கு முன் வழக்கம்போல் அரசுச் செய்திப்படம் ஓடியது. அது சாதாரண அளவுப் படம், இது ஸ்கோப். ஸ்கோப் படத்தில் காட்சி ஃபிலிமில் பக்கவாட்டில் பாதியாக நெருக்கப்பட்டிருக்கும். அதற்கான லென்ஸ்தான் அதை இரு மடங்காக விரித்துத் திரைக்கு அனுப்பும். ஆபரேட்டர் லென்ஸை மாற்ற மறந்துவிட்டார். தொடக்க எழுத்துகள் கீற்றுக்குச்சிகளைப்போல் ஒல்லியாக மேலே ஏறிப் போயின. ஆங்கிலப் படமென்றால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று பாதிப்பேர் பேசாமல் இருந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் விசிலடித்தார்கள். படத்தை நிறுத்தாமலே அவர் லென்ஸை மாட்டினார். அது பெரிய கப்பல் பாதி நுழைந்திருந்த நேரம். கப்பல் ஒரே இழுப்பில் இரு பக்கமும் விரிந்தது. அரங்கமே கத்தியது. பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும் அசையாமல், "இதெல்லாம் வாத்தியார் எப்பவோ பார்த்தாச்சு தம்பி" என்றார். அவர் சொன்னது 1963-இல் வந்த 'கலை அரசி'யை. வேற்றுக்கிரகத்தார் பானுமதியைக் கடத்திப் போக, எம்.ஜி.ஆர். அங்கே சென்று மீட்டு வரும் படம். அதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு தேடிப்பார்த்தேன், நம்பியார் வேற்றுக்கிரகத்திலும் நம்பியாராகவே இருக்கிறார்.

கப்பல் விரிவது அந்தப் படத்தின் உத்தி என்றே நான் பல ஆண்டுகள் நம்பினேன். நண்பர்களிடம் விவரித்திருக்கிறேன், ஒரு முறை மேடையிலும் சொன்னேன். பின்னாளில் வீடியோ கேசட்டில் பார்த்தபோது கப்பல் விரியவில்லை. கேசட்டில்தான் கோளாறு என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன்.

உங்களுடன் வந்த மூவரில் யாரேனும் இப்போதும் தொடர்பில் இருந்தால், கும்பகோணத்தில் அன்று எழுத்துகள் ஒல்லியாக வந்தனவா என்று கேட்டு எழுதுங்கள். ஒரே பிரதிதான் இரண்டு ஊருக்கும் வந்ததா என்பதை அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆபரேட்டர்கள் பொதுவாகவே மறதிக்காரர்களா என்பது தெரியும்.