அந்தக் கட்டிடத்தில் இருந்தவர்கள் எங்கே?

கேள்வி: சின்ன வயதில் சூப்பர்மேன், பேட்மேன் என்றாலே குதூகலம்தான். இப்போது திரை முழுக்க இருட்டு, மழை, ரத்தம். நாயகர்கள் சிரிக்கவே மாட்டேன் என்கிறார்கள். இந்தப் படங்களை ஏன் இப்படிக் கெடுத்துவிட்டார்கள்?

பதில்: உங்கள் ஏக்கம் புரிகிறது. ஆனால் 'கெடுத்துவிட்டார்கள்' என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2013-ல் 'மேன் ஆஃப் ஸ்டீல்' வந்தபோது அண்ணன் மகளை அழைத்துப் போயிருந்தேன். அவளுக்கு ஒன்பது வயது. கடைசிச் சண்டையில் சூப்பர்மேனும் வில்லன் ஸாடும் மோதிக்கொள்ள, வானளாவிய கட்டிடங்கள் சரிகின்றன. பாப்கார்னை வாய்வரை கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சித்தப்பா, அந்தக் கட்டிடத்துக்குள்ள இருந்தவங்கல்லாம் என்ன ஆனாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. படமும் அதைப் பற்றி நின்று பேசவில்லை.

மூன்று வருடம் கழித்து 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' வந்தது. ஆரம்பத்திலேயே அதே சண்டை. ஆனால் இந்த முறை கேமரா தெருவில் நிற்கிறது. எல்லோரும் தப்பி ஓட, முகமூடி போடாத பேட்மேனான புரூஸ் வேய்ன் புழுதிக்குள் எதிர்த்திசையில் ஓடுகிறார். மேலிருந்து விழும் இடிபாடுகளுக்கு அடியில் நின்ற ஒரு சிறுமியை இழுத்து அணைத்துக்கொண்டு, அம்மா எங்கே என்று கேட்கிறார். அவள் பேசவில்லை. கையை நீட்டி, இடிந்து கிடக்கும் கட்டிடத்தைக் காட்டுகிறாள்.

அந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காதவை நிறைய உண்டு. ஆனாலும் அந்த நீட்டிய கை, எங்கள் வீட்டுக் குழந்தை கேட்ட கேள்விக்குப் பதில். அடி விழுந்தால் யாருக்கு வலித்தது என்று திரும்பிப் பார்க்கிற படத்தைத்தான் நான் சீரியஸான படம் என்பேன். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் கரகரத்த குரலில் பேசவிட்டால் மட்டும் அது வந்துவிடாது. அப்படிப் பேருக்கு இருட்டான படங்கள் ஏராளமாக வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானதுதான்.

இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் படமான 'தி டார்க் நைட்'டை (2008) எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அதில் வில்லன் ஜோக்கராக வந்த ஹீத் லெட்ஜரைப் பற்றியே பேசுவார்கள். பேச வேண்டியதுதான், இறந்த பிறகு ஆஸ்கர் வாங்கித் தந்த நடிப்பு அது. என் மனதில் நிற்பது இரண்டு படகுகள். ஒன்றில் பொதுமக்கள், மற்றதில் கைதிகள். இரண்டிலும் வெடிகுண்டு. ஒரு படகின் குண்டை வெடிக்க வைக்கும் கருவி மற்ற படகில் இருக்கிறது. நள்ளிரவுக்குள் யாரும் அழுத்தாவிட்டால் இரண்டுமே வெடிக்கும் என்கிறான் ஜோக்கர். பார்க்கவே பயமாக இருக்கும் ஒரு கைதி எழுந்து வந்து, அதிகாரியின் கையிலிருந்து கருவியை வாங்கி, ஜன்னல் வழியே தண்ணீரில் எறிந்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறான். அத்தனை இருட்டுக்கு நடுவில் வருவதால்தான் அந்தக் காட்சிக்கு அவ்வளவு வெளிச்சம்.

அப்புறம் 'லோகன்' (2017). 'எக்ஸ்-மென்' படங்களில் கத்தி நகங்களோடு கர்ஜித்த நாயகன் வுல்வரின் அதில் கிழவனாகிவிட்டான். காயம் முன்போல் ஆறுவதில்லை, நொண்டி நடக்கிறான். எழுத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடி தேவைப்படுகிறது. மூளை நோயில் தடுமாறும் தன் பழைய குரு, பேராசிரியர் சார்லஸைத் தூக்கிப் படுக்க வைக்கிறான், வேளாவேளைக்கு மருந்து கொடுக்கிறான், எரிந்தும் விழுகிறான். வீட்டில் முடியாதவர் ஒருவரைக் கவனித்துக்கொண்டவர்கள் அந்த எரிச்சலையும் பாசத்தையும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். என் அப்பாவின் கடைசி மாதங்களுக்குப் பிறகு அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, மறுநாள்தான் மீதியைப் பார்க்க முடிந்தது.

கேள்வி: இதெல்லாம் நோலன் ஆரம்பித்து வைத்ததுதானே?

பதில்: இல்லை. 1939-ல் காமிக்ஸில் அறிமுகமான பேட்மேன் இருட்டில் திரிகிற, குற்றவாளி செத்தாலும் கலங்காத ஆள். காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பி, 1954-ல் பதிப்பாளர்களே தங்களுக்குக் கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் கதைகள் ஒரேயடியாகச் சாதுவாயின. நீங்கள் சொல்லும் குதூகலத்தில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வந்தது. 1966-ன் தொலைக்காட்சி பேட்மேன் அதன் உச்சம். 1986-ல் காமிக்ஸ் படைப்பாளி ஃபிராங்க் மில்லர் வயதான பேட்மேனை வரைந்து அவனைப் பழைய இருட்டுக்குத் திரும்பக் கூட்டிவந்தார். 1989-ல் இயக்குநர் டிம் பர்ட்டன் அந்த இருட்டைத் திரைக்குக் கொண்டுவந்தார். நடுவில் 1997-ல் ஒரு கலர் கலரான பேட்மேன் படம் வந்து பலத்த அடி வாங்கியது. அதனால்தான் 2005-ல் நோலனின் பேட்மேனுக்கு வழி கிடைத்தது.

கேள்வி: 'ஜோக்கர்' (2019) கொலைகாரனுக்குப் பரிந்து பேசுகிறதா?

பதில்: அந்தக் கவலை எனக்கும் உண்டு. வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம், ஜோக்கராக நடித்த வாக்கீன் ஃபீனிக்ஸுக்கு ஆஸ்கர், எல்லாம் சரி. ஆனால் கதை முழுவதையும் ஜோக்கரின் கண்ணால் மட்டுமே பார்க்கிறோம். கொலையைப் பார்த்து நடுங்கும் குள்ளமான நண்பர் கேரி தப்பி ஓட வந்து, கதவின் மேல் சங்கிலி எட்டாமல், அதைத் திறந்துவிடச் சொல்லி அவனிடமே கேட்கிறார். அந்த ஒரு நிமிடம் நாம் கேரியின் பக்கம் நிற்கிறோம். படம் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. எந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: மேலே சொன்ன எதுவும் இப்போது வேண்டாம். கிறிஸ்டோபர் ரீவ் நடித்த 1978 'சூப்பர்மேன்' இருக்கிறதே, அதைப் போடுங்கள். முதல் பகுதி மெதுவாகப் போகும், கூடவே உட்கார்ந்து கதை சொல்லுங்கள். உலகத்தையே தூக்கக்கூடிய அந்த மனிதர், ஒரு சிறுமிக்காக மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்கிக் கொடுக்கும் இடம் வரும். அங்கே அவள் திரும்பிப் போடச் சொன்னால், போடுங்கள்.