எத்தனை செட்?

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மகள் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஜூனில் சீருடை வாங்கப் போனபோது பள்ளியில் கொடுத்த பட்டியலைப் பார்த்து அசந்துவிட்டேன். சாதாரண நாளுக்கு ஒன்று, புதன்கிழமைக்கு வெள்ளை, வெள்ளிக்கிழமைக்கு ஹவுஸ் டி-ஷர்ட், டை, பெல்ட், இரண்டு வகை ஷூ. வெளிக்கடையில் வாங்கக்கூடாதாம். மகள் கேட்டாள்: "எல்லாரும் ஒரே மாதிரி டிரஸ் போட்டாத்தான் பாடம் மண்டையில ஏறுமாப்பா? பிரான்ஸ்ல எல்லாம் கிடையாதாமே?" எனக்குப் பதில் தெரியவில்லை.

சீருடை என்பதே வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம்தானே? பிள்ளைகளின் தனித்தன்மையை அது அழித்துவிடாதா? ஏற்றத்தாழ்வு தெரியாமல் இருக்கத்தான் சீருடை என்கிறார்கள். அதையும் நம்ப முடியவில்லை. எங்கள் தெரு வழியாகப் போகும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். அரசாங்கம் சும்மா கொடுக்கிற உடையைக்கூட ஒழுங்காகப் போடுவதில்லை. சட்டையில் பட்டன் இல்லை, பெரிய பையன்களின் பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. இலவசமாகக் கிடைப்பதன் அருமை தெரியவில்லை. இப்படி இருக்கும்போது சீருடையைக் கட்டாயமாக்குவது சரிதானா?

கே., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் ஒரு துணிக்கடையில் நின்று இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு வேலைகளுக்கு உதவும் பெண்ணின் மகன் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். சீருடைத் துணி எடுக்க என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். மீட்டர் விலையைக் கேட்டாள், தையல்கூலியை மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள், பிறகு கடைக்காரரிடம் சொன்னாள்: "ஒரு செட்டுக்குக் கிழிங்கண்ணே. துவைச்சுத் துவைச்சுப் போட்டுக்குவான்." அந்த 'ஒரு செட்' இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகளின் பிரான்ஸ். அங்கே பெரும்பாலான பள்ளிகளில் சீருடை இல்லை என்பது உண்மைதான். அந்த நாடே 2024-இல் சில பள்ளிகளில் சீருடையைச் சோதனையாகக் கொண்டுவந்தது. அவர்களுடைய கவலைகள் வேறு, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தனித்தன்மையைப் பற்றியும் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஒரே நிறச் சட்டை போட்ட நாற்பது பேர் இருக்கும் வகுப்புக்குள் போய் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், நாற்பதும் நாற்பது விதமாகத்தான் இருக்கும்.

வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்கிறீர்கள். சரி, அந்தப் பழக்கம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? லண்டனில் 1552-இல் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். பெயரில்தான் ஹாஸ்பிடல், உண்மையில் அது ஊரில் நாதியில்லாத பிள்ளைகளைச் சேர்த்து, சோறு போட்டுப் படிக்கவைத்த இடம். நீல நிறத்தில் நீளமான கோட்டும் மஞ்சள் காலுறையும் கொடுத்தார்கள். இன்றும் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் போடுகிறார்கள். போட்டுக்கொள்ளத் துணி இல்லாதவனுக்குக் கொடுத்த துணிதான் அங்கே சீருடையாக ஆனது. நம் ஊரிலும் அப்படித்தான். காமராஜர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குச் சீருடையும் எடுத்துக் கொடுத்தார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1985-இல் சத்துணவுப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் திட்டம் வந்தது. துணியைக் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் 'இதைப் போட்டுக்கொண்டு வா' என்றார்கள். இந்த வரிசை முக்கியம்.

இப்போது உங்களைத் திட்டப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"இலவசமாகக் கிடைப்பதன் அருமை தெரியவில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். துணி வியாபாரத்திலேயே சோறு சாப்பிடும் ஊரில் இருந்துகொண்டு இதை எப்படி எழுத உங்களுக்கு மனசு வந்தது? நீங்கள் பார்த்த அந்தப் பெரிய பையன் எந்த வகுப்பு என்று கேட்டீர்களா? தமிழ்நாட்டில் இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதிலிருந்து சொந்தக் காசு. பாடப்புத்தகம் பன்னிரண்டு வரை இலவசம், பதினொன்றில் சைக்கிள்கூட வருகிறது. சட்டை மட்டும் பதிமூன்று வயதில் நின்றுவிடுகிறது. பையன்கள் பனைமரம் மாதிரி விறுவிறுவென்று வளரும் வயது அதுதான். போன வருடம் தைத்த பேன்ட் இந்த வருடம் கணுக்காலுக்கு மேலே நிற்காமல் வேறென்ன செய்யும்?

சின்னப் பிள்ளைகளின் பட்டனுக்கும் காரணம் சொல்கிறேன். ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்து விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களில் நெய்த துணி, கோ-ஆப்டெக்ஸ் வழியாக வருகிறது. வெட்டித் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த பெண்கள். அவர்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. உங்கள் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களைத் தினமும் பார்க்கிறீர்கள், அந்த அவசரம் உங்களுக்குத் தெரியாததா? தைத்து வரும் சட்டை சில பிள்ளைகளுக்குத் தொளதொளவென்று இருக்கும், சிலருக்குத் தோள் ஏறாது. அம்மாக்கள் தெருமுனை டெய்லரிடம் காசு கொடுத்துப் பிடித்து வாங்குகிறார்கள். அருமை தெரியாதவர்களா அதைச் செய்வார்கள்?

அருமை எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் கிராமத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போங்கள். பந்தியில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்களிடம் இருப்பதிலேயே கிழியாத உடை அதுதான். ஜூன் மாதம் புதிய பஸ் பாஸ் வரும்வரை, சீருடையில் இருந்தால் போதும், டிக்கெட் இல்லாமல் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று போக்குவரத்துத் துறையே வருடா வருடம் சொல்கிறது. மலையடிவாரத்திலிருந்து வரும் ஒரு பெண் பிள்ளைக்கு அந்தச் சட்டைதான் டிக்கெட். சீருடை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

'கலர் டிரஸ்' நாளையும் நினைத்துப் பாருங்கள். தீபாவளி முடிந்து பள்ளி திறக்கும் அன்று எல்லோரும் புதுத்துணியில் வருவார்கள். யாரிடம் எது இருக்கிறது என்று பள்ளிக்கே தெரிந்துவிடும் நாள். பிறந்தநாள் என்றால் கலர் டிரஸ் போட்டு மிட்டாய் டப்பாவோடு வரலாம். எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் மே, ஜூன் மாதங்களில்தான். சேர்க்கும்போது பெற்றோருக்குத் தேதி சொல்லத் தெரியாமல், தலைமையாசிரியராகப் பார்த்து எழுதிய தேதிகள். மே என்றால் பள்ளி விடுமுறை, மிட்டாய் வாங்கும் செலவும் மிச்சம், பாவம்.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில். எண்பதுகளின் கடைசியில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். பெண்களுக்கு எட்டு வரை பாவாடை சட்டை, ஒன்பதிலிருந்து நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. என் பக்கத்தில் உட்காருகிறவளிடம் எட்டாம் வகுப்புப் பாவாடைதான் இருந்தது. வளர்கிற பிள்ளை என்று அடியில் மூன்று டக் பிடித்துத் தைத்த பாவாடை. ஒவ்வொரு வருடமாக டக்கைப் பிரித்து விட்டிருந்தார்கள். துணி முழுக்க வெளுத்துச் சாம்பல் மாதிரி ஆகியிருக்க, டக் இருந்த இடங்களில் மட்டும் பழைய நீலம் அப்படியே பட்டைபட்டையாக இருக்கும். எத்தனை வருடத்துப் பாவாடை என்று அதை எண்ணியே சொல்லிவிடலாம். தாவணிக்கு அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் முன்பணம் வாங்கியிருந்தார்.

ஐப்பசி அடைமழை. இரண்டு நாள் வெயிலே இல்லை. தாவணி வீட்டுக்குள் கொடியில் போட்டாலே காய்ந்துவிடும், பாவாடை காயாது. அந்தக் கெட்டித் துணி இடுப்புப் பட்டையில் ஈரத்தை விடவே விடாது. மூன்றாம் நாள் அக்காவின் மெரூன் பாவாடையும் பள்ளித் தாவணியுமாக வந்தாள். பிரேயரில் அவளைத் தனியாக வெளியே நிறுத்தினார்கள். "காயலைன்னா நான் என்ன பண்றது? போய் மாத்திட்டு வா" என்றார் ஆசிரியை. மாற்றிக்கொள்ள வீட்டில் இருந்தது ஈரப் பாவாடைதான். தலைமையாசிரியர் அறை வராந்தாவில் அவள் நின்றாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகப் போகும் வழி அது. முதல் இரண்டு பீரியடும் போயிற்று. மறுநாளும் மழை, அவள் வரவில்லை. அடுத்த திங்கள்கிழமை விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிப் போனாள். கணக்கில் எங்கள் எல்லோரையும்விட அவள்தான் கெட்டி. வறுமையால் நின்றாள் என்று ஊரில் சொன்னார்கள். வறுமை அவளுக்கு முதல் வகுப்பிலிருந்தே இருந்தது, அதோடுதான் ஒன்பது வரை வந்திருந்தாள். அவளை நிறுத்தியது அந்த வராந்தா.

எத்தனை செட் என்று கேட்டால் இதைத்தான் கேட்கிறேன், தம்பி. ஒரு செட் என்றால் மழைக்காலத்தில் பள்ளி இல்லை என்று அர்த்தம். இரண்டு செட் என்றால், வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு மாதத்தில் இரண்டு நாள் பயந்து பயந்து உட்கார வேண்டும், அதுவும் வெள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். 2012-13-இல் ஜெயலலிதா ஆட்சியில் இரண்டு செட்டை நான்காக்கினார்கள். அதைச் சலுகை, இலவசம் என்று எழுதியவர்கள் யாரும் வீட்டில் துணி துவைத்துக் காயப்போட்டவர்கள் இல்லை. துவைத்தது ஒன்று, காய்வது ஒன்று, உடம்பில் ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. நான்கு என்பது சரியான கணக்கு. ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு இரண்டு செட், அதற்கு 600 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். 600 ரூபாய்க்கு, தையல்கூலியோடு சேர்த்து, உங்கள் ஊரில் இரண்டு செட் தைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்றத்தாழ்வு மறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். துணியால் மட்டும் மறையாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த பையன்கள். ஒரே சீருடைதான். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. சட்டை ஒன்றான பிறகு சாதி மணிக்கட்டுக்குப் போய்விட்டது. அதைக் கட்டி அனுப்புகிறவர்கள் பெரியவர்கள். இது தனியாக எழுத வேண்டிய விஷயம், எழுதுகிறேன்.

கட்டாயம் என்ற சொல்லை யார்மேல் போடுகிறோம் என்பதில்தான் நான் கறாராக இருக்கிறேன். கொடுக்க வேண்டிய அரசுக்குக் கட்டாயமாக இருக்கட்டும். உள்ளே விடாமல் நிறுத்த ஒரு பள்ளிக்கும் உரிமை இருக்கக்கூடாது. 2022-இல் கர்நாடகத்தில் என்ன நடந்தது? உடுப்பியில் ஹிஜாப் என்ற முக்காடு போட்ட முஸ்லிம் பெண்களை வகுப்புக்குள் விடவில்லை. பிப்ரவரி 5-ஆம் தேதி அரசு சீருடை ஆணை போட்டது, மார்ச்சில் உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். ஆணை செல்லும் என்றார் ஹேமந்த் குப்தா. ஒரு பெண்ணைப் பள்ளி வாசலில் நிறுத்தி அதைக் கழற்றச் சொல்வது அவள் கண்ணியத்தில் கைவைப்பது என்றார் சுதான்ஷு துலியா, படிப்பை மறுத்து அவள் வாழ்க்கையை நாம் மேலாக்குகிறோமா என்று கேட்டார். மதத்தைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு அபிப்பிராயம் இருக்கலாம், இருக்கட்டும். பரீட்சை நேரத்தில் அந்தப் பெண்கள் கேட்டுக்கு வெளியே புத்தகத்தோடு நின்றதை நான் டி.வி.யில் பார்த்தபோது எனக்கு அந்த வராந்தாதான் தெரிந்தது. காயாத பாவாடையோ, முக்காடோ, ஷூ வாங்கக் காசில்லாத காலோ, காரணம் எதுவாக இருந்தாலும் பிள்ளையை உள்ளே உட்கார வைத்துவிட்டு அப்புறம் பெற்றோரிடம் பேசுங்கள். பாடம் நடக்கும்போது பிள்ளை வெளியே நிற்கக்கூடாது. இதில் நான் யாரோடும் சமாதானத்துக்குத் தயாரில்லை.

உங்கள் பள்ளியின் டை, ஹவுஸ் டி-ஷர்ட் எல்லாம் வியாபாரம், அதில் வாதாட என்ன இருக்கிறது? பள்ளிகள் சீருடையும் புத்தகமும் விற்பதை நிறுத்தச் சொல்லி சி.பி.எஸ்.இ. வாரியமே 2017-இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நாலு பெற்றோராகப் போய்க் கேளுங்கள். திருப்பூர் வெயிலில் டை எதற்கு என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

மகளிடம் சொல்லுங்கள், கேள்வி நல்ல கேள்வி. சீருடை கசக்கிறது என்றால் எது கசக்கிறது, துணியா, டையா, வெள்ளை நிறமா என்று அவளே தன் கையால் தலைமையாசிரியருக்கு எழுதட்டும். நீங்கள் திருத்தாதீர்கள். உங்கள் தெரு அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போது என்று விசாரித்து, நீங்கள் ஒருமுறை போய் வாருங்கள். அந்தப் பெரிய பையன்களுக்கு எத்தனை செட் இருக்கிறது என்று அங்கே கேளுங்கள். இலவசச் சீருடையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டச் சொல்லி அந்தப் பெற்றோர்கள் மனு கொடுத்தால், உங்கள் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். என் கையெழுத்து வேண்டுமென்றால் தபாலில் அனுப்புங்கள், அன்றே போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா